முன்னங்கால்கள் உணர்கொம்பு போல

இந்தச் சிலந்தி முன்னங்கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றாமல் உயர்த்தி, எறும்பின் உணர்கொம்புகளைப் போல ஆட்டிக்கொண்டே நடக்கும் என்று எழுதிவிட்டு உலகம்மாள் நிறுத்தினாள். அடுத்த சொல் வரவேண்டிய இடத்தில் காலையில் மிருதுளா நின்ற நிலை வந்து நின்றது. சமையலறை வாசல், மகளுக்குப் பின்னால் முற்றத்து வெயில், முகம் முழுக்க நிழல், இவள் கைக்கு அடியில் அதிர்ந்துகொண்டிருந்த மிக்ஸி. மிருதுளா என்னவோ கேட்டாள். உலகம்மாள் சரி சரி, போயிட்டு வா என்றாள். கேட்டுச் சொன்ன சரி இல்லை அது. எதிரில் ஒரு வாய் அசைந்து நின்றால், நின்ற இடத்தில் ஒரு சரியை வைத்துவிடுவது இவளுக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் பழுதில்லை. பஸ் பாஸ் புதுப்பிக்கணும், சரி. தயிர் தீர்ந்துபோச்சு, சரி. ஆனால் இன்றைக்கு அந்தச் சரியைக் கேட்டதும் மிருதுளா நகரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி அப்படியே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து இவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புதைத்த இடத்தில் மூச்சுச் சூடு. அந்தச் சூடு துணியில் விட்டுவிட்டுப் பட்டதால் அங்கேயும் என்னவோ சொல்கிறாள் என்று தெரிந்தது, அவ்வளவுதான். கட்டிப்பிடித்து எத்தனை நாளாகிவிட்டது, இந்தப் பெண்ணுக்குக் கட்டிப்பிடிக்கிற பழக்கமே கிடையாது, தயிருக்கெல்லாம் யாரும் கட்டிப்பிடிக்க மாட்டார்கள். பஸ் போன பிறகும் தோளில் அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது. இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஆய்வகத்தில் யாரும் இல்லாமல், காற்றாடியின் நிழல் மேசைமேல் சுற்றிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் சூடாகத்தான் இருக்கிறது.

எழுத்தைப் பார், உலகு. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் சிலந்தி காத்திருக்கிறது. விடுதிக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தில், இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு முசுறு எறும்புகளின் நடுவே, அவற்றில் ஒன்றைப் போலவே ஓடிக்கொண்டிருந்ததைப் பிடித்து வந்திருக்கிறாள். கல்லூரி கொண்டுவரும் கையேட்டுக்கு, மலையடிவாரச் சிலந்திகளைப் பற்றித் தமிழில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று துறைத்தலைவி ரெஜினா மேடம் இவள் தலையில் கட்டிய வேலை. கட்டியபோது சரி என்றது தெரிந்து சொன்ன சரிதான், நேருக்கு நேர் உட்கார்ந்து சொன்னாள். உடல் செம்பழுப்பு, முசுறின் நிறமே. எல்லாச் சிலந்திக்கும் உடல் இரண்டு பாகம், தலைமார்பு ஒன்று, வயிறு ஒன்று. எறும்புக்கோ மூன்று. இது என்ன செய்திருக்கிறது என்றால், தன் தலைமார்பின் நடுவில் ஒரு இடுக்கு வைத்து, அங்கே கழுத்துபோல ஒடுங்கி, ஒன்றையே தலையாகவும் மார்பாகவும் காட்டுகிறது. வயிற்றைத் தாங்கும் காம்பும் நீண்டு மெலிந்து எறும்பின் இடுப்பு போலவே இருக்கிறது. கால் எட்டு, எறும்புக்கு ஆறு. மிச்சம் இரண்டை எங்கே ஒளிப்பது? ஒளிக்கவில்லை, தலைக்கு மேலே தூக்கிவிட்டது. தூக்கினால் அவை கால் இல்லை, உணர்கொம்பு. இது ஆண் என்பதால் முகத்துக்கு முன்னால் தாடைக்கொடுக்குகள் இரண்டும் தலைமார்பின் நீளத்துக்கு நீண்டு கிடக்கின்றன. நுனி பருத்து, இரண்டு பக்கமும் கரும்புள்ளி. தள்ளி நின்று பார்த்தால் ஒரு எறும்பு இன்னொரு எறும்பை வாயில் கவ்விக்கொண்டு போவது போலவே இருக்கும். இவ்வளவு பெரிய கொடுக்கை வைத்துக்கொண்டு மற்ற சிலந்திபோலக் கடித்து நஞ்சு ஏற்ற முடியாது, இரையைக் குத்திக் கோத்துத்தான் பிடிக்க வேண்டும். வேஷத்துக்கு விலை உண்டு. அடுத்து என்ன எழுத? இவ்வாறு எறும்பைப் போல நடித்து ஏமாற்றும். ஏமாற்றும். இந்தச் சொல்தான் காலையிலிருந்து இடறிக்கொண்டிருக்கிறது. யாரை? பறவையும் குளவியும் முசுறின் கடிக்குப் பயந்து ஒதுங்கும், அதனால் இதையும் விட்டுவிடும், அது சரி. ஆனால் ஏமாற்று என்றால் மனதுக்குள் ஒரு திட்டம் இருக்க வேண்டாமா? இது முட்டையிலிருந்து வந்ததே இப்படித்தான்.

இவளுக்கு அப்படி இல்லை. இவள் பிறந்தபோது நன்றாகவே கேட்டது. எது எப்போது போனது என்று இவளுக்கே தெரியாது, ஏனென்றால் ஒரு சத்தம் போனால் அது போனதாகச் சத்தம் வருவதில்லை. முதலில் போனது சில்வண்டு. பிள்ளைகளை அருவிக்கு மேலே காட்டுக்குக் கூட்டிப்போனபோது, என்ன இது, இந்த வருசம் சில்வண்டே இல்லையே, மழை தப்பிப்போச்சா என்று கேட்டாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மரியாதையாக, ஆமா மேடம், கம்மிதான் என்றாள். அந்தப் பார்வையில்தான் இவளுக்குப் புரிந்தது. அந்தக் காடே அப்போது கூவிக்கொண்டிருந்திருக்கிறது, இவள் தலைக்கு மேலே, எல்லா மரத்திலிருந்தும். பிறகு குக்கர் விசில். பிறகு பின்னாலிருந்து கூப்பிடும் எந்தக் குரலும். திருநெல்வேலியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு, இது குறையுமே தவிரக் கூடாது, காதுக்கு மெஷின் வச்சுக்கிட்டா நல்லது என்றார். அதையும் வாங்கினாள். பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. நாற்பது கூட ஆகவில்லை அப்போது. வகுப்பில் பிள்ளைகள் பின்னால் நின்று சிரிப்பார்கள், ரெஜினா மேடம் பாவம் பார்ப்பார், பாவம் பார்த்து மெல்ல மெல்ல வகுப்புகளைக் குறைப்பார், அதெல்லாம் வேண்டாம் என்றுதான். அதற்குப் பதிலாகக் கற்றுக்கொண்டது நிறைய. சந்தேகம் இருந்தால் முன்னால் வந்து கேளுங்கள் என்று சொல்வது. நாலு பேர் இருக்கும் இடத்தில் தானே பேசிக்கொண்டிருப்பது, பேசுகிறவரை யாரும் கேட்டதைச் சோதிக்க மாட்டார்கள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பது, கொஞ்சம் பிந்தி, ஆனால் அவர்கள் நிறுத்துவதற்குள். பார், மறுபடியும் சிலந்தியில் கொண்டுபோய் ஒட்டுகிறாய். எல்லாப் பூச்சியிலும் உன் முகத்தைத் தேடாதே, உலகு, அது பாட்டுக்கு அது பிழைக்கிறது.

ஆனாலும் உதட்டைப் பார்க்கலாம். காலையில் நடந்ததை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். நிழலில் நின்றாலும் வாய் தெரிந்தது. முதலில் திறந்தது, மூடியது, திறந்தது. அம்மா. கூப்பிட்டிருக்கிறாள். பிறகு நீளமாக ஒன்று, அதில் உதடு ஒட்டவே இல்லை, எல்லாம் பல்லுக்கு உள்ளே நாக்கு செய்த வேலை. பிறகு உதடு ஒட்டிக் குவிந்தது, கடைசியில் ஒருமுறை ஒட்டித் திறந்தது. போகட்டுமா. அது நிச்சயம், அதனால்தான் இவள் வாயும் போயிட்டு வா என்றது. எங்கே, அதுதான் கேள்வி. தமிழில் உதட்டுக்குத் தெரிவது கொஞ்சம்தான். மகரமும் பகரமும் உதட்டுக்கு ஒன்றே, மாலாவும் பாலாவும் ஒன்றே. மாலா கூட போகட்டுமா என்றாளா, பாலா கூட என்றாளா, ஒருத்தி கூடப் படிக்கிறவள், ஒருத்தன் யாரென்றே தெரியாது. இல்லை, நடுவில் உதடு ஒட்டவில்லையே, அப்படியானால் பாலாவும் இல்லை மாலாவும் இல்லை. க, ச, ட, த, ண, ல, ய எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்து முடிகிறவை. தென்காசிக்கு என்றால் தெரியாது. தியேட்டருக்கு என்றால் தெரியாது. கன்னியாகுமரிக்கு என்றால் மகரம் வந்திருக்கும். டூருக்கு என்று கேட்டிருக்கலாம், காலேஜில் டூர் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டூருக்குக் கட்டிப்பிடிப்பாளா? அதோடு, திறந்து மூடித் திறந்த அந்த முதல் சொல். அம்மா. அம்மா என்றுதான் நினைத்தாள். உலகம்மாளின் பேனா தாளில் ஒரு புள்ளியில் நின்று மை ஊறியது. அம்மாவும் அப்பாவும் உதட்டுக்கு ஒன்றுதானே.

சிலந்தி நின்றது. மேசையை இவள் இடித்திருக்க வேண்டும். இதற்கும் காது கிடையாது, கால்களில் இருக்கும் மெல்லிய மயிர்களால் அதிர்வை வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் கண். எட்டுக் கண், முன்னால் இரண்டு மட்டும் பெரியது, அந்த இரண்டின் உள்ளே ஏதோ மெல்ல நகர்கிறது, தலையைத் திருப்பாமலே இவளைப் பார்க்கிறது. தான் இருப்பது முசுறுக்குத் தெரிவதற்கு முன்னால் முசுறு வருவது இதற்குத் தெரிந்தாக வேண்டும், விலகியாக வேண்டும், நெருங்கி வந்து தொட்டுப்பார்த்தால் முசுறு விடாது. எறும்பு தொட்டுத்தான் ஆளை அறியும். அதனால் இது முசுறுகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தும் எந்த முசுறையும் தொடாமல் வாழ்கிறது. துரத்தினால் ஒரு நூலைப் பிடித்து இலையிலிருந்து கீழே விழுந்துவிடும். குதிக்கும் சிலந்திக் குடும்பம்தான், ஆனால் குதிப்பதே அபூர்வம், எறும்பு குதிக்காது என்பதால். இதை எழுத வேண்டும். போனை எடுத்து, காலைல என்ன கேட்ட என்று மிருதுளாவுக்கு அடித்தாள். அழித்தாள். காலைல சத்தத்துல சரியா கேக்கல என்று அடித்தாள். சத்தத்துல என்பது நல்ல சொல், பழி மிக்ஸிமேல் போகும். அதையும் அழித்தாள். மிக்ஸியை நிறுத்தியிருக்கலாமே என்பாள். இவள் என்ன என்ன என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. ஒருமுறை, இரண்டுமுறை மிருதுளா சொல்வாள், மூன்றாவது முறை, ஒண்ணுமில்லம்மா, விடு என்பாள். அந்த விடு இவளுக்குத் தெளிவாகக் கேட்கும், எதிரே முகம் சுருங்கித் திரும்புவதையே கேட்கலாம். எத்தனை விடு. இந்த வீட்டில் எத்தனையோ நல்ல விஷயங்கள் அந்த விடுவில் விழுந்து செத்திருக்கின்றன. அதற்கு அப்புறம்தான் என்னவை விட்டுச் சரியைப் பிடித்தாள்.

தோளில் யாரோ தொட்டார்கள். ரெஜினா மேடம், கையில் காபி, ஏற்கனவே இரண்டு தடவை கூப்பிட்ட முகம். உலகம்மாள் கூப்பிட்டது கேட்டும் வேலையில் மூழ்கியிருந்தவளைப் போலச் சிரித்தாள்.

"என்ன உலகு, பரவல் எழுதியாச்சா?"

"பறவை எதுவும் இத தொடாது மேடம். முசுறுன்னு நினைச்சு விட்டுரும். அததான் எழுதிக்கிட்டிருக்கேன்."

ரெஜினா மேடம் காபியை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். "நான் பரவல் கேட்டேன் உலகு. எங்கெங்க இருக்குன்னு. மேப்புக்கு வேணும், அச்சுக்காரர் கேக்காரு."

"பரவல்தான் மேடம். அத எழுதிட்டுப் பறவைக்கு வந்தேன். கலந்து சொல்லிட்டேன்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். முதுகு போகும்போது ஏதாவது சொல்லிக்கொண்டே போனாரா என்று தெரியவில்லை. தெரியாதது எல்லாமே முதுகுகள்தான்.

பரவல்: இந்தியா, இலங்கை, சீனா, தென்கிழக்காசிய நாடுகள். எழுதினாள். இப்படிப் பெரிய நாட்டுப் பேராக எழுதினால் பிள்ளைகள் அந்த நாடு முழுக்க இது ஓடுவதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் இதன் நாடு முசுறுக் கூடு தொங்கும் மரம்தான். மாமரம், முந்திரி, கொய்யா, எதில் முசுறு ஏறியிருக்கிறதோ அதில், அதே இலைக்குக் கீழே மெல்லிய பட்டுப்படுதா போட்டுக்கொண்டு. முசுறு இல்லாத மரத்தில் இது யாரைப் போல இருக்கும்? மேட்டுக்கு ஏறி, குளிர் கூடி, முசுறு நின்றுபோகும் இடத்தில் இதுவும் நின்றுபோகும். ஓசூரில் முசுறு உண்டா? ஏன் ஓசூர், ஓசூரை யார் கேட்டது? மிருதுளாவின் அப்பா கணபதிராமன் ஓசூரில் இருக்கிறார், அதனால். அவர் போவதற்கு முன் ஒருநாள் காரில் போய்க்கொண்டிருந்தார்கள், கடையநல்லூர் தாண்டி, மழை, மிருதுளா பின்சீட்டில் தூங்குகிறாள். அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு வந்தார். இவளுக்குத் தெரிந்தது ஒரு கன்னம், அதில் தாடை அசைவு. வைப்பர் போய்ப்போய் வந்தது. இவள் அவ்வப்போது உம் கொட்டினாள், கடைசியில் ஒருமுறை அவர் திரும்பி என்ன சொல்லுத என்று கேட்டபோது, சரி என்றாள். நீங்க சொன்னா சரிதான் என்று வேறு சேர்த்தாள், நன்றாக இருக்கட்டும் என்று. ஒரு மாதம் கழித்து அவர் பெட்டி கட்டும்போது இவள் அழுதாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். உங்கிட்ட அன்னைக்கே சொன்னேன்லா உலகு, நமக்குள்ள ஒண்ணும் ஒட்டல, நான் ஓசூர் வேலைய எடுத்துக்கிட்டுத் தனியா இருந்துக்கிடுதேன், நீ மிருதுவோட இங்கன இருன்னு. நீ சரின்னுதான சொன்ன. நீ சரின்னு சொன்ன நிமிஷம்தான் எனக்கு முடிவே ஆச்சு. அப்போதாவது சொல்லியிருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை என்று. சொல்லாமல் சரி என்றே நின்றுவிட்டாள். செவிட்டுப் பெண்டாட்டி என்று பாவம் பார்த்து இருப்பதைவிட அவர் போவது மேல் என்று ஏதோ ஒரு ரோஷம். அவரும் கோர்ட்டு, கையெழுத்து, எல்லாம் மரியாதையாகவே முடித்தார். நமக்குள்ள ஒண்ணும் ஒட்டல. எப்படி ஒட்டும், பாதியைத்தானே இவள் கேட்டாள், கேட்காத பாதியில் அவர் என்னென்ன வைத்திருந்தாரோ.

அப்பா. திறந்து, மூடி, திறந்து. அப்பா என்று தொடங்கி, போகட்டுமா என்று முடிந்தது. அப்பாகிட்ட போகட்டுமா. அப்பாகூட போய் இருந்துக்கிடட்டுமா. அதற்குத்தான் இவள் சரி சரி, போயிட்டு வா என்று, மிக்ஸி மூடியை அமுக்கிக்கொண்டே, தேங்காய்ச் சட்னிக்கு நடுவில் சொல்லியிருக்கிறாள். அந்தக் கட்டிப்பிடிப்பு அதற்கு. போகிறவர்கள் கட்டிப்பிடிப்பார்கள். உலகம்மாள் பேனாவை மூடி வைத்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஆய்வகத்து ஜாடிகளில் வெளுத்துப்போன பாம்புகளும் தவளைகளும் கேட்காத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன. இன்னொரு சரிக்கு இன்னொரு ஆளையும் இழப்பதா. இந்தத் தடவை உட்கார்ந்து உம் கொட்ட முடியாது. உட்கார்ந்தாள். தாளில் நடித்து ஏமாற்றும் என்பதை அடித்தாள். எறும்பைப் போல இருப்பதால் பிழைத்திருக்கும் என்று மேலே எழுதினாள். அவ்வளவு போதும், அதுதான் தெரிந்தது, மற்றது யாருக்குத் தெரியும்.

வாசலில் வெளிச்சம் மறைந்தது. தன் கல்லூரி விட்டு பஸ்ஸில் வந்திறங்கியிருந்தாள் மிருதுளா, சாயங்காலம் இங்கிருந்து இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவது வழக்கம். பையை மேசைமேல் போட்டுவிட்டுக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து என்னவோ சொன்னாள். குனிந்த தலை, முடி விழுந்த முகம். சரி என்று வாய் வரைக்கும் வந்தது. உலகம்மாள் அதை விழுங்கினாள்.

"ஏட்டி, நிமிந்து சொல்லு. எனக்குக் கேக்கல."

மிருதுளா நிமிர்ந்தாள். "எறும்பைப் போய் ஏன் அடைச்சு வச்சிருக்கன்னு கேட்டேன்."

"காலைல நீ கேட்டதும் எனக்குக் கேக்கல."

"மிக்ஸி ஓடுச்சு, அதானே?"

"மிக்ஸி ஓடலன்னாலும் கேட்டிருக்காது. எனக்குக் காது போச்சு மிருது. கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டே இருக்கு. நீ பத்தாவது படிக்கும்போதுலேருந்து. மெஷின்கூட வாங்கி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டதும் எதுவும் இடிந்து விழவில்லை. காற்றாடி நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. மிருதுளாவின் முகத்தில் ஏதேதோ வேகமாகப் போய்வந்தது, பழைய நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அப்போ நான் சொன்னதெல்லாம்?"

"பாதி கேக்கும்."

"எந்தப் பாதி?" குரல் உயர்ந்திருக்க வேண்டும், கழுத்து நரம்பு புடைத்தது. "நீ என்னையக் கண்டுக்கிடவே மாட்டேங்கன்னு நான் எத்தன நாளு… எதச் சொன்னாலும் சரிங்குற, சரிங்குற, உனக்கு நான் ஒரு பொருட்டே இல்லன்னு… சொல்லியிருக்கலாம்லாம்மா?"

"சொல்லியிருக்கலாம்." உலகம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "இப்பம் சொல்லுதேன். காலைல கேட்டத மறுபடியும் கேளு. இந்த வெளிச்சத்துல நின்னு, மெதுவா."

மிருதுளா ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து நின்றாள். உதட்டைக் கடித்தாள். காலையில் அந்தச் சரியை வாங்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள், அதை இப்போது திருப்பித் தரவேண்டி வருமோ என்று பார்க்கிறாள்.

"அப்பா கல்யாணத்துக்குப் போகட்டுமா?"

கல்யாணத்துக்கு. க, ல், யா, ண, த்து, க்கு. முழுக்க வாய்க்குள்ளேயே நடந்து முடிகிற சொல், உதட்டில் ஒரு சுவடுகூட இல்லை. மறுமணம். அந்த மனிதர் மறுமணம் செய்துகொள்ளப்போகிறார்.

"ஓசூர்ல. அவங்க ஆபீஸ்ல வேல பாக்குற ஆளு, மீனலோசனின்னு பேரு. அப்பா போன்ல சொன்னாரு. அம்மா சம்மதிச்சா மட்டும் வா, இல்லன்னா நான் வருத்தப்பட மாட்டேன்னாரு. நீ சரின்னதும் நான் அவருக்கு மெசேஜ் போட்டுட்டேன்."

போக வேண்டாம் என்பது உலகம்மாளுக்குள் எழுந்தது. எழுந்து தோள்வரை வந்தது. காலையில் இது கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெளிவாகத் தெரிந்தது. மிக்ஸி நின்றிருக்கும். முகத்தைத் திருப்பியிருப்பாள். உன் இஷ்டம் என்றிருப்பாள், இஷ்டம் இல்லை என்று அர்த்தமாகும்படி. மிருதுளா ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறியிருப்பாள், ஓசூருக்கும் போயிருக்க மாட்டாள், அதற்கப்புறம் இந்த வீட்டில் எதையும் கேட்டும் இருக்க மாட்டாள். கேட்காத காது சொன்ன பதில் கேட்ட காது சொல்லியிருக்கக்கூடியதைவிட நல்ல பதிலாக இருந்திருக்கிறது. அதற்காகக் காதுக்கு நன்றி சொல்ல முடியுமா என்ன. அந்தப் பதிலைச் சொன்னது இவள் இல்லையே. எதிரே மகள் நிற்கிறாள், கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள், சின்னதிலிருந்தே பயந்தால் அப்படித்தான். இவ்வளவு நேரம் பயந்தது மகள் போய்விடுவாள் என்று. அவள் நிற்கிறாள், கேட்டுக்கொண்டு நிற்கிறாள், போகலாமா என்று.

"கேட்டுதா?" என்றாள் மிருதுளா, ஒவ்வொரு எழுத்தாக.

"கேட்டுச்சு." அந்த வேண்டாம் இன்னும் உள்ளேயே இருந்தது, போகவில்லை, அது போக நாளாகும். அதை அங்கேயே இருக்கவிட்டு, அதற்குப் பக்கத்தில் வேறு ஒன்றை வைத்தாள். "போயிட்டு வா. கேட்டுத்தான் சொல்லுதேன். அந்த நீலப் பட்டுத் தாவணிய எடுத்துக்கோ, ஓசூர் குளிரும், ஸ்வெட்டரும் வச்சுக்கோ."

மிருதுளா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. விரல்களுக்குள்ளே அவள் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள், நீளமாக, விட்டு விட்டு. உலகம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முழங்கால் முட்ட எதிரே உட்கார்ந்தாள். அந்தக் கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"கைய எடுட்டி. மூடிக்கிட்டா எனக்குக் கேக்காது."